ஒட்டுப்பால் இழுத்த கை

முதன்முதலில் நான் பார்த்தபோது, அவர் ஒரு மனிதனின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அவிசாவளை பஸ் நிலையம். அந்தப் பக்கத்து மழைக்குக் கை உண்டு. தகரத்தை அறையும், தாரை அறையும், குடை பிடித்தவனின் மணிக்கட்டை முறுக்கும். அந்த மழைக்குள் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், சிவப்பு நிறக் கால்சட்டை, வெற்று மார்பு, மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. கக்கத்துக்குள் இருந்தவன் பஸ் கொண்டக்டர். இவருடைய பெரிய முதுகுப்பை ஓர் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அவன் அதைச் சேற்றுக்குள் எறிந்திருக்கிறான். பையோடு அவனையும் சேற்றுக்குள் இறக்கிவிட்டார் இவர். சக்கரம் கழற்றும் இரும்போடு இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

நான் ஏன் நடுவில் போய் விழுந்தேன் என்று தெரியாது. பத்து வயதுவரை பேசிய சிங்களம் எங்கோ தொண்டையின் அடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு வந்த அறை ஒன்று என் காதில் விழுந்தது. காதுக்குள் ஒரு வெள்ளை மணி அடித்தது. கொண்டக்டர் துப்பிவிட்டுப் போனான். இவர் என்னைத் தூக்கி நிறுத்திக் கேட்டார்:

"தமிழா? நல்லா வாங்குற லா தம்பி. எந்த ஊரு?"

சுலபமான கேள்வி இல்லை. பிறந்தது தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். வளர்ந்தது கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் குடியேற்றிய நீலகிரியில். கையில் இந்தியக் கடவுச்சீட்டு, முதுகில் ஒரு பை, சட்டைப்பையில் ஒரு மாத விசா. பிறந்த நாட்டில் நான் வெளிநாட்டுக்காரன். இதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மலேசியாக்காரர். கெடாப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மரம் சீவத் தொடங்கி, தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது லாரி ஓட்டி, அதையும் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர். எங்கள் இருவரின் முப்பாட்டன்களையும் ஒரே கடற்கரையிலிருந்து இரண்டு கப்பல்கள் இரண்டு பக்கம் அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. அதற்குமேல் எங்களுக்குச் சொந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து சேர்ந்து அலைந்தோம்.

அவரோடு அலைவது, திறந்த கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பது போல. சைக்கிளில் தாய்லாந்து முழுக்கப் போனவர். பர்மா எல்லையை அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கடந்தவர். பையில் ஒரு கைலி, ஒரு புட்டி மிளகாய்ச் சம்பால், குத்துச்சண்டைக்காரர்கள் கையில் சுற்றும் துணி, வலைத்தூளி. கட்டில் இருக்கும் அறையிலும் தூளியில்தான் தூங்குவார்; ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையைக் கதவுப் பிடியிலும் கட்டுவார், யாராவது கதவைத் தள்ளினால் முதலில் அவர் ஆட வேண்டும் என்பதற்காக. காலையில் எழுந்ததும் ஏதாவது ஒரு பலாமரத்தைத் தேடிப் போய், தோல் உரியும்வரை முஷ்டியால் குத்திவிட்டு, அதே கையால் முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவார்.

இளமையில் தோட்டத்துத் திருவிழாக்களில் சண்டை போட்டவர். அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது.

"வாங்குன அடிய வச்சிக்கிட்டுத் தூங்கக் கூடாது லா தம்பி. அன்னைக்கே திருப்பிக் குடுத்துடணும். இல்லன்னா அது உள்ள போயி புழுவா நெளியும்."

பெல்மதுளையில் இரத்தினக் குழி ஒன்றுக்குள் இறங்கியே தீருவேன் என்று நின்றார். குழிக்காரர்கள் மறுத்தார்கள். கயிறு சுற்றுகிறவனோடு கைமடக்கும் பந்தயம் கட்டி ஜெயித்து இறங்கினார். அரைமணி கழித்து அவரை மேலே இழுத்தபோது, புதைத்து எடுத்த பிணம் மாதிரி களிமண்ணுக்குள் இரண்டு கண் மட்டும் இருந்தது. கீழே குழிச்சுவரைத் தாங்கும் பலகை ஒன்று நழுவி உச்சந்தலையைப் பிளந்திருந்தது. இரத்தம் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு இறங்க, "நல்லா இருக்கு, நீயும் போயிட்டு வா" என்றார். நான் போகவில்லை.

அது இரண்டாயிரத்து ஆறு. சமாதானம் என்பது வானொலிச் செய்தியில் மட்டும் மிச்சமிருந்தது. பஸ்ஸில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வாசிக்கப்பட்டால், முன் இருக்கைகளிலிருந்து தலைகள் மெதுவாகத் திரும்பி எங்கள் பைகளின்மேல் நிற்கும். சோதனைச் சாவடிகளில் துப்பாக்கி முனையால் பையைக் குத்திப் பார்ப்பார்கள். அவருடைய தமிழைக் கேட்டு இது எந்த நாட்டுத் தமிழ் என்று சந்தேகப்பட்டு இரண்டு தரம் இறக்கி வைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழும் இல்லை, தோட்டத் தமிழும் இல்லை. புரியாத தமிழ் பேசுகிறவனை அந்த நாட்களில் ஒரே ஒரு சொல்லால்தான் அழைத்தார்கள். நான் கடவுச்சீட்டை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் கடலை உரித்துத் தின்றுகொண்டிருப்பார்.

தேயிலை அவருக்குப் பிடிக்கவில்லை. குனிந்து கிடக்கிற செடி என்றார். ரப்பர் பார்க்க வேண்டும் என்றார். ரப்பர் என்றால் தெஹியோவிட்ட. புறப்படும்போது என் அம்மா சொன்னது அது ஒன்றைத்தான்: எங்கே வேண்டுமானாலும் சுத்து, அங்க மட்டும் போகாத. அம்மா அங்கேதான் பால் வெட்டினாள், அங்கிருந்துதான் இனக்கலவரத்தில் ஒரு பகல்முழுக்கக் காட்டுக்குள் ஒளிந்து கிடந்து, எரிந்த லயத்தைத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். நான் அதை அவரிடம் சொன்னேன். பிறந்த இடத்துக்கே பயந்தால் சாகிற இடத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டார்.

கடைத்தெருவில் ஒரு சைவக்கடையின் மாடியில் அறை எடுத்தோம். மறுநாள் விடிந்ததும், பைகளையும் கடவுச்சீட்டுகளையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே நடந்தோம். கையில் ஒன்றுமில்லை.

விடியற்காலை ரப்பர்க் காடு ஒரு வெட்டுக்காயம். ஒவ்வொரு மரத்துக்கும் மார்பில் ஒரு சரிந்த கோடு, கோட்டின் கீழ் ஒரு சிரட்டை. எங்கோ மேலே பால் வெட்டுகிறவர்களின் குரல் மட்டும் கேட்டது. அவர் சிரட்டையைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி மகிழ்ந்தார். அவர்கள் ஊரில் அதற்கு மங்கு என்று பெயராம், சீனக் களிமண்ணில் செய்வார்களாம்; இங்கே தேங்காய் ஓட்டிலேயே வேலை நடக்கிறதே என்று ஒன்றைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தார். அந்தப் புளித்த நாற்றம் எங்கள் இருவரையும் ஒரே அடியில் அடித்தது. என் அம்மாவின் சேலை நாற்றம். அவருடைய அம்மாவின் கைலி நாற்றம்.

பிறகு அவருடைய கை தானாக வேலை செய்யத் தொடங்கியது.

வெட்டிய கோட்டில் முந்தின நாள் பாலின் கடைசிச் சொட்டு உலர்ந்து, ரப்பர் நூலாய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் என்பார்கள். புதிதாக வெட்டும் முன் அதை உரித்து எடுக்க வேண்டும். வெட்டுகிறவர்களுக்கு அது மூச்சு விடுவது போல. தோட்டத்துப் பிள்ளைகள் அதை இழுத்து உருட்டிப் பந்து செய்வார்கள். அவர் கதை சொல்லிக்கொண்டே நடந்தார், நடந்துகொண்டே ஒவ்வொரு மரத்திலும் அந்த நூலைச் சர்ரென்று இழுத்தார், இழுத்ததை முந்தினதன்மேல் சுற்றினார். நானும் இரண்டு மூன்று இழுத்தேன். பாம்பு உரித்த சட்டையைக் கையில் பிடிப்பது போன்ற ஒரு சுகம் அதில். எந்த இடத்தில் தோட்டம் முடிந்து கிராமத்துக்காரர் ஒருவரின் சொந்த ரப்பர் தொடங்கியது என்று நாங்கள் பார்க்கவில்லை. அங்கே ஒட்டுப்பாலும் நிறுத்து விற்கிற சரக்கு என்பதும், கொஞ்ச நாளாக யாரோ வந்து அதை உரித்துக்கொண்டு போவதும் எங்களுக்குத் தெரியாது.

அவர் கையில் பந்து ஒரு தேங்காய் அளவு வந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு தடி அவர் முழங்கால் மடிப்பில் விழுந்தது.

மூன்று இளைஞர்கள், பனியன் போட்ட ஒரு பெரியவர். பெரியவர்தான் மரங்களின் சொந்தக்காரர். "ஹொரா" என்றார். திருடன். அந்தச் சொல்லை அவர் கத்தவில்லை, ரொம்ப நாளாகக் காத்திருந்த விருந்தாளியைக் கூப்பிடுவது போலச் சொன்னார். அதற்குள் மலேசியாக்காரர் எழுந்து ஒருவனின் தாடையில் குத்திவிட்டார். அதோடு நியாயம் பேசுகிற வாய்ப்பு முடிந்தது. தடிகள் இறங்கின. என்னை மரத்தோடு சேர்த்து நெரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவன் வயிற்றில் முட்டியால் இடித்தான். மரத்தின் புதுக்காயம் என் முதுகில் ஒட்டியது. அவர் மண்ணில் உருண்டார், எழுந்தார், மறுபடி உருண்டார். நாங்கள் சுற்றுலாப் பயணிகள் என்றேன். கடவுச்சீட்டு எங்கே என்றார்கள். அறையில் என்றேன். கந்தல் கால்சட்டையும் ரப்பர்ப் பந்துமாகக் கிடந்தவரைக் காட்டி, இதுவா சுற்றுலா என்று ஒருவன் சிரித்தான்.

இரத்தம் துப்பிக்கொண்டே அவர் ஒரு காரியம் செய்தார். நான் மரம் சீவுகிறவன், திருடன் இல்லை, பார் என்று சொல்லி, ஓர் இளைஞனின் இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை உருவி, பக்கத்து மரத்தில் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டார். மரத்துக்கு வலிக்காத கோடு. பால் ஒரு கணம் யோசித்துவிட்டு, கோடு முழுக்க வெள்ளையாய் எழுந்து ஓடியது. அவர் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

பெரியவரின் முகம் இறுகியது. இவ்வளவு நன்றாக வெட்டத் தெரிந்தவன்தானே திருட வருவான் என்றார். அந்தத் தமிழைக் கேட்ட தாடைக்காரன் வேறொரு சொல் சொன்னான். கொட்டி. புலி. அந்தச் சொல் விழுந்ததும் காடு அமைதியானது.

பொலிசுக்கு அப்புறம் சொல்லலாம், முதலில் கையைப் பார்ப்போம் என்று முடிவானது. எங்களை இழுத்துக்கொண்டு ஒரு கொட்டகைக்குப் போனார்கள். அங்கே ரோலர் இருந்தது. உறைந்த பால்கட்டியைத் தகடாக்க அதற்குள் விட்டுக் கையால் சுற்றுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ரப்பர் திருடுகிறவனின் விரல்களை அதற்குள் விட்டு ஒரு சுற்று சுற்றுவது அந்தப் பக்கத்தில் கேள்விப்படாத காரியம் இல்லை. என் அம்மா சொல்லியிருக்கிறாள். விரல் நசுங்காது, தட்டையாகும் என்றாள். நான் ஆறு வயதில் கேட்டது.

அவருடைய வலது கையை இரண்டு பேர் நீட்டிப் பிடித்தார்கள். பலாமரத்தைக் குத்துகிற கை. முட்டை உடைக்கிற கை. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அது. முதல் தடவையாக அவருடைய கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

அப்போது கொட்டகை வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாவாடைமேல் ஓர் ஆண்சட்டை, தலையில் துணி, முழங்கைவரை உலர்ந்த பால் செதில் செதிலாக. தோட்டத்தில் வெட்டிவிட்டு மிச்ச நேரத்தில் இந்தப் பெரியவரின் மரங்களையும் வெட்டிக் கொடுக்கிறவள். கையில் பால் வாளி. அவள் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் எதுவும் இல்லை.

"அக்கா, நாங்க திருட வரல. இவரு வெளிநாடு" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பெரியவரிடம் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள், நீரோடுவது போன்ற சிங்களம். இது என் புருஷன் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போனவன், அங்கே மூளை கெட்டுத் தெருவில் சுற்றுகிறான் என்று கேள்விப்பட்டேன், இந்த ஆள் இவன் தம்பி, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கை உங்களுக்குத்தான். ஆனால் முதல் அடி என்னுடையது, நான் தாலி கட்டிக்கொண்டவள். மிச்சம் இருப்பதை நீங்கள் ரோலரில் விடுங்கள்.

அவள் புருஷனை அவர்களில் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது; பிடியைத் தளர்த்தினார்கள். ஒருவன் சிரித்தான். அவள் நேராக அவரிடம் போனாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வாயத் தொறக்காத" என்றாள். உடனே புறங்கையால் அந்த வாயிலேயே அறைந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாடகம் என்று என்னால் சொல்ல முடியாது.

அவள் அறைந்தாள். தலைமயிரைப் பிடித்து இழுத்து முழங்காலில் இடித்தாள். மூலையில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள்.

"போறப்ப என்னா சொன்ன? தீபாவளிக்கு வந்துருவேன்னு சொன்னியா இல்லயா? எந்தத் தீபாவளி? புள்ள காச்சல்ல கெடந்துச்சே, எங்க இருந்த? எல்லாரும் என்னய பாத்துக் கேக்குறாங்க, ஒம் புருஷன் செத்துட்டானா, ஓடிட்டானான்னு. நான் என்னா சொல்றது? நீ சொல்லு. பொட்டு வைக்கிறதா வேணாமா, நீ சொல்லு."

அவர் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அந்தத் தமிழ் அவரைக் காட்டிக்கொடுக்கும். அவருடைய தோள் பின்னால் போவதை நான் பார்த்தேன். இரண்டு வாரமாகத் தெரியும் எனக்கு அந்தத் தோளை. அது பின்னால் போனால் எதிரே இருப்பவர் விழ வேண்டும். முஷ்டி மூடியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் அடித்தாள். அவர் கையைத் தூக்கினார், அடிக்க இல்லை, முகத்தை மறைக்க. கட்டை அந்தக் கையில் இறங்கியது. ரப்பர்க் காய் வெயிலில் வெடிக்கிற சத்தம். நடுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் உதட்டைக் கடித்தார், உதட்டிலிருந்து இரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. மூடிய முஷ்டியை, உடைந்த விரலோடு, ஒவ்வொரு விரலாகத் திறந்தார்.

இளைஞர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் பெரியவரே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போதும், செத்துப் போவான், கூட்டிக்கொண்டு போ என்றார். தாடைக்காரன் மட்டும் ஏதோ முனகினான். பெரியவர் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அடக்கினார். பைத்தியக்காரன் விரலை நசுக்கி நமக்கு என்ன ஆகப் போகிறது என்றார்.

அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால். நான் அவரைத் தோளில் தாங்கியிருந்தேன். கொட்டகை கண்ணுக்கு மறைந்தபிறகும் அவள் திரும்பவில்லை. தார்ரோடு தெரிந்த இடத்தில்தான் நின்றாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கட்டை கையிலேயே இருந்தது. அதை அப்போதுதான் பார்த்தவள் போலப் பார்த்துவிட்டுப் புதருக்குள் எறிந்தாள்.

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"இவரு பேசுறத மேல இருந்தே கேட்டேன். இந்தப் பேச்ச பேசுனா இவங்க கைய மட்டும் எடுக்க மாட்டாங்க. அதான் வாயில அடிச்சேன்."

புருஷன் கதையை நன்றாகச் சொன்னீர்கள் என்று, பேச வேறெதுவும் கிடைக்காமல் சொன்னேன்.

"கதையா?" என்றாள். "ரெண்டு வருஷமாச்சுங்க. கொழும்புல பிடிச்சிட்டுப் போனாங்களா, வேற யாரு கூடயாவது ஓடிட்டானா, ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா அழலாம். இல்லன்னா திட்டலாம்." உடைந்த விரலை ஒரு முறை பார்த்தாள். "இன்னக்கி அடிக்கிறதுக்கு ஆளு கெடச்சுது."

அவர் வாயைத் திறக்காமலேயே நின்றார். அவள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் சிரட்டையில் இருக்கிற பால் அத்தனையும் தண்ணீராகிவிடும். இனி இந்தப் பக்கம் வராதீங்க என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஓடினாள். நாங்கள் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட வாங்கில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கைக்குழந்தைகள், பாம்பு கடித்த ஒருவர், கால் வெட்டுப்பட்ட ஒருவர். அடிபட்டு வருகிறவர்களை யார் அடித்தது என்று கேட்டு எழுதுவது வழக்கம். அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு ஒரு தமிழன் தப்பாகப் பதில் சொன்னால் அடுத்து பொலிசு வரும். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டு, நொறுங்கிய உதட்டால், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்: பொண்டாட்டி.

எழுதுகிறவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. பாம்பு கடித்தவர்கூடச் சிரித்தார்.

எங்கள் முறை வர நேரமானது. அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்தாளு உயிரோட இருப்பான்னு நெனைக்கிறியா தம்பி?"

தெரியாது என்றேன்.

"இருந்தா, திரும்பி வந்தா, அவன இந்த அளவுக்கு அடிக்க அவங்களால முடியாது லா. எல்லாத்தயும் என் மேல செலவு பண்ணிட்டாங்க."

இதைத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லையே என்று அவருடைய சட்டத்தை நினைத்து நான் கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேனோ. அவர் சாய்ந்த விரலைத் தொடையில் வைத்து, நோயுற்ற ஒரு சிறு விலங்கைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு வந்த அடி இல்ல லா அது" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். விரலை இழுத்துப் பொருத்தியபோது அவர் கத்தினார். விடிந்ததிலிருந்து வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது அத்தனையும் சேர்ந்து வந்தது. வாங்கிலிருந்த குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன. வெளியே மழை தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மேலே காட்டுக்குள், அவள் எத்தனை சிரட்டையைக் காப்பாற்றியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.